மாநாட்டுக்குப் போகும் பெண் எங்கே சாப்பிடுவாள்?

செயலமர்வு, கருத்தரங்கு, மாநாடு என்று எமது பெண்கள் ஊர் விட்டு ஊர் போவது இப்போது புதிதல்ல. மாதர் சங்கத் தலைவி போகிறார். முன்பள்ளி ஆசிரியை போகிறார். கடனுதவுச் சங்கத்தின் பொருளாளர் போகிறார். அழைப்புக் கடிதத்தில் மண்டபத்தின் பெயர், தொடங்கும் நேரம், உரையாற்றுபவர்களின் பட்டியல் எல்லாம் ஒழுங்காக இருக்கும். இரவுச் சாப்பாட்டை எங்கே சாப்பிடுவது என்பது மட்டும் எங்கும் எழுதப்பட்டிருக்காது.

இது ஒரு பெரிய விடயமா என்று சிலர் கேட்கலாம். பெரிய விடயம்தான். பகலில் மேடையில் ஏறிப் பெண்களின் உரிமைகளைப் பற்றித் துணிவாகப் பேசிய பெண், இரவில் தங்குமிட அறைக்குள் இரண்டு பிஸ்கட்டும் ஒரு பிளேன்ரீயும் குடித்துவிட்டுப் படுப்பதைச் சமூகப் பணியில் இருக்கும் இந்தப் பத்து வருடங்களில் பல தடவை கண்டிருக்கிறேன். வீதியின் மறுபக்கத்தில் கடை இருக்கும், கையில் பணமும் இருக்கும். ஆனாலும் சாப்பாடு இருக்காது. ஏன் இப்படி நடக்கிறது? இதற்கு என்ன செய்யலாம்? அண்மையில் யாழ்ப்பாணத்தில் மூன்று நாள் நடந்த மாநாடு ஒன்றுக்குப் போய்வந்த அனுபவத்தைக் கொண்டு இதனைப் பேசலாம் என நினைக்கிறேன்.

கூட்டங்களின் நகரம்

யாழ்ப்பாணம் இப்போது கூட்டங்கள் அடிக்கடி நடக்கும் நகரம். 1990 இல் நின்றுபோன புகையிரதம் 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தது. 1974 இல் வளாகமாக ஆரம்பிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் திருநெல்வேலியில் ஆண்டு முழுவதும் ஆய்வு மாநாடுகளை நடத்துகிறது. பொது நூலகத்துக்கு அருகே இந்திய உதவியுடன் கட்டப்பட்ட கலாசார நிலையம் 2023 இல் கையளிக்கப்பட்ட பின்னர் பெரிய நிகழ்வுகள் அங்கும் இடம்பெறுகின்றன. கொழும்பிலிருந்தும், மலையகத்திலிருந்தும், கிழக்கிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள்.

நாங்கள் மூவர் மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ்ஸில் போனோம். எங்களில் ஒருவர் வாகரைப் பக்கத்து முன்பள்ளி ஆசிரியை. ஐம்பது வயதைத் தாண்டிய அவருக்குக் கணவர் இல்லை. நீரிழிவு நோயும் உண்டு. அவரை இங்கே அக்கா என்றே குறிப்பிடுகிறேன். மற்றவர் காத்தான்குடியைச் சேர்ந்த இளம் சகோதரி, முஸ்லிம் பெண்கள் அமைப்பொன்றின் வெளிக்கள உத்தியோகத்தர். மூன்றாவது நான். ஒருவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும். ஒருவருக்கு ஹலால் உணவு வேண்டும். எனக்கு எது கிடைத்தாலும் போதும். ஆனால் மாநாட்டுப் பதிவுப் படிவத்தில் இவற்றில் ஒன்றையும் கேட்டிருக்கவில்லை. மத்தியான உணவும் இரண்டு தேநீரும் தருவார்கள். காலையும் இரவும் எமது பொறுப்பு.

கடைக்குள் போகத் தயங்கும் கால்கள்

முதல் நாள் மாலை கூட்டம் முடிந்ததும் அக்கா, "நான் ரூமிலேயே இருக்கிறன், எனக்குப் பசிக்கேல்ல, நீங்க ரெண்டு பேரும் போய் வாங்க" என்றார். ஒரு மணித்தியாலத்தில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. கைகள் நடுங்கின. நீரிழிவு மாத்திரையை வழமைபோலப் போட்டிருக்கிறார், ஆனால் மத்தியானத்துக்குப் பின் எதுவும் சாப்பிடவில்லை. சீனி கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, பின்னர் இடியப்பமும் சொதியும் வாங்கிவந்து சாப்பிட வைத்தோம். தேறினார். பசி இல்லை என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன காரணங்கள் இரண்டு.

"கடைக்குள்ள போய் இருந்து சாப்பிட்டு எனக்குப் பழக்கமில்ல தங்கச்சி. எல்லாரும் பார்ப்பாங்க" என்பது முதலாவது. "தாற படிக்காச மிச்சம் பிடிச்சாத்தான் மகன்ட ரியூசன் காசு கட்டலாம்" என்பது இரண்டாவது.

இந்த இரண்டு காரணங்களும் அக்காவுக்கு மட்டும் உரியவை அல்ல. எமது சமூகத்தில் பெண் மற்றவர்களுக்குப் பரிமாறுகிறவள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு, பானையில் எஞ்சியதைக் குசினியில் வைத்துச் சாப்பிடுகிறவள். ஒரு மேசையில் தனியே அமர்ந்து, வேண்டியதைக் கேட்டு வாங்கி, இன்னொருவர் பரிமாறச் சாப்பிடுவது பல பெண்களுக்கு வாழ்க்கையில் ஒரு தடவைகூட நடந்திராத காரியம். எமது சாப்பாட்டுக் கடைகளும் அப்படித்தான் அமைந்திருக்கின்றன. வாசலில் ஆண்கள் கூட்டம். உள்ளே நெருக்கமான மேசைகள். பெண்களுக்கு மலசலகூடம் இருக்காது, இருந்தாலும் பூட்டு இருக்காது.

பணத்தின் கதையும் அப்படித்தான். 2022 பொருளாதார நெருக்கடியின்போது, அந்த ஆண்டு செப்ரெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியது. விலைகள் ஏறிய வேகம் பின்னர் குறைந்தது. ஏறிய விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. 2016 ஆம் ஆண்டின் வீட்டு வருமான செலவுக் கணக்கெடுப்பின்படி எமது நாட்டில் ஏறத்தாழ நான்கு வீடுகளில் ஒரு வீடு பெண்ணின் தலைமையில் இருக்கிறது. அந்தப் பெண் கூட்டத்துக்கு வந்தால், தன் சாப்பாட்டுக் காசைப் பிள்ளைகளின் பங்காகவே பார்க்கிறாள்.

ஆகவே மாநாட்டு நாட்களில் எங்கே சாப்பிடுவது என்ற கேள்விக்கு, ருசியை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. பெண் கூச்சமில்லாமல் உள்ளே போகக்கூடிய இடமா? அவளது பணத்துக்கு வயிறு நிறையுமா? அந்தப் பணம் யாருடைய கைக்குப் போகிறது? இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அம்மாச்சியின் அடுப்படி

இரண்டாம் நாள் காலை நாங்கள் போன இடம் திருநெல்வேலியில் உள்ள 'அம்மாச்சி' உணவகம். பலாலி வீதியோரமாக, வட மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் இயங்குகிறது. பல்கலைக்கழகத்திலிருந்து ஓட்டோவில் சில நிமிடப் பயணம்தான்.

உள்ளே போனதும் எமக்குப் பட்ட முதல் விடயம், எங்கு பார்த்தாலும் பெண்கள். வரிசையாக அடுப்புகள். ஒவ்வோர் அடுப்புக்குப் பின்னாலும் தலையில் தொப்பியும் மேலங்கியும் அணிந்த பெண்கள். ஒருவர் தோசை சுடுகிறார். அடுத்தவர் பாலப்பம் சுடுகிறார். இன்னொருவர் குரக்கன் புட்டை நீத்துப்பெட்டியிலிருந்து தட்டிக் கொட்டுகிறார். வாழைப்பூ வடை, கீரை ரொட்டி, மோதகம், சுண்டல், இலைக்கஞ்சி, பழச்சாறு என்று பல வகைகள். எல்லாம் மரக்கறி உணவு. எல்லாம் எமது கண்முன்னே தயாராகிறது. மாவு எப்படிக் குழைக்கப்படுகிறது, எண்ணெய் எத்தனை தரம் கொதிக்கிறது என்று நாமே பார்க்கலாம். செயற்கை நிறமூட்டி, சுவையூட்டி போடுவதில்லை என்பது அங்குள்ள விதி.

அக்கா வாசலில் தயங்கி நின்றது சில விநாடிகள்தான். தோசை சுட்ட அம்மா ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "என்ன பிள்ளை வேணும்? சுடச்சுடப் போட்டுத் தாறன், கொஞ்சம் பொறுங்கோ" என்றார். அவ்வளவுதான். அக்காவின் கூச்சம் போய்விட்டது. இலைக்கஞ்சி ஒரு கோப்பை குடித்தார், குரக்கன் புட்டு வாங்கிச் சாப்பிட்டார், பிறகு தானாகவே போய்ச் சுண்டலும் வாங்கி வந்தார். கடையில் வேலை செய்வது பெண், வாங்குவதும் பெண் என்றால் அங்கே யார் யாரைப் பார்ப்பது?

இந்த உணவகம் நடக்கும் விதத்தை வாசகியர் தெரிந்துகொள்வது நல்லது. இங்கே பெண்கள் சம்பளத்துக்கு நிற்கும் வேலையாட்கள் அல்லர். திணைக்களம் இடமும் பயிற்சியும் மேற்பார்வையும் தருகிறது. பெண்கள் தாங்களே பொருள் வாங்கி, தாங்களே சமைத்து, தாங்களே விற்று, வருமானத்தைத் தாங்களே எடுக்கிறார்கள். இடைத்தரகர் கிடையாது. யுத்தத்தில் கணவரை இழந்தவர்கள், குடும்பத்தைத் தனியாகச் சுமப்பவர்கள் பலருக்கு இப்படியான அடுப்பு பெரிய ஆறுதலாக இருக்கிறது. எமது நாட்டில் வேலை செய்யும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே தொழிற்படையில் கணக்கிடப்படுகிறார்கள். வீட்டில் சமைப்பதை எந்தக் கணக்கும் வேலை என்று எடுப்பதில்லை. அதே சமையலை ஒரு கூரையின் கீழ் வைத்து, விலை எழுதி விற்கும்போது அது தொழிலாகிறது. கை அதே கைதான்.

எனக்குப் பாலப்பம் தந்த பெண் என் வயதை ஒத்தவர். காலை எத்தனை மணிக்கு எழும்புவீர்கள் என்று கேட்டேன். "மூண்டு மணிக்கு எழும்பினாத்தான் மாவும் தேங்காய்ப்பாலும் சரிவரும் அக்கா. பிள்ளையளுக்கும் சமைச்சு வைச்சிட்டு வரவேணுமெல்லோ" என்றார். தொழில் செய்தாலும் வீட்டு அடுப்பு அவரை விடவில்லை என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. அந்த அதிகாலை உழைப்புக்கு நாம் கொடுக்கும் விலையில் பேரம் பேசக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.

இதே முறையில் வவுனியா, கிளிநொச்சி போன்ற இடங்களிலும் அம்மாச்சி உணவகங்கள் இருக்கின்றன. இரவு பஸ்ஸில் வரும் பெண்கள் இதனை நினைவில் வைத்துக்கொள்ளலாம். பேராதனையிலோ கொழும்பிலோ கூட்டம் என்றால், மத்திய விவசாயத் திணைக்களத்தின் 'ஹெல பொஜுன்' உணவகங்கள் கன்னொறுவையிலும் பத்தரமுல்லையிலும் இயங்குகின்றன. அவையும் பெண்களின் கைகளால் நடப்பவை.

ஒரு குறிப்பு. அம்மாச்சியில் கூட்டம் அதிகம். நாமே வாங்கி, நாமே எடுத்து வந்து சாப்பிட வேண்டும். அமர இடம் கிடைக்காமலும் போகலாம். மாலையில் பலகாரங்கள் விரைவில் முடிந்துவிடும். ஆகவே கூட்டம் முடிந்த கையோடு போவது நல்லது.

வாழையிலையில் ஒரு மத்தியானம்

மாநாட்டில் மத்தியான உணவு தந்தார்கள். ஆனால் கடைசி நாள் கூட்டம் காலையுடன் முடிந்ததால் நகரத்துக்குப் போனோம். பஸ் நிலையத்துக்கு அண்மையில், பெரிய கடைப் பகுதியில் இருக்கும் 'மலாயன் கபே' யாழ்ப்பாணத்தின் பழைய சைவக் கடைகளில் ஒன்று. ஆங்கிலேயர் காலத்தில் யாழ்ப்பாணத்தவர் பலர் மலாயாவுக்குப் போய் புகையிரதப் பகுதியிலும் எழுதுவினைஞர்களாகவும் வேலை செய்தார்கள். கடையின் பெயர் அந்தக் காலத்தை நினைவூட்டுகிறது.

பழைய மர அலமாரிகள், மாபிள் மேசைகள், வாழையிலை. சோறும் பருப்பும் மரக்கறிகளும் சொதியும் வந்துகொண்டே இருக்கும். கை கழுவிவிட்டு அமர்ந்தால், கேட்காமலே பரிமாறுவார்கள். சாப்பிட்டு முடிந்ததும் இலையை நாமே மடித்து அதற்குரிய துவாரத்தில் போட வேண்டும். "சாப்பிட்ட இலைய எடுக்கிற வேலை இங்க ஒரு பெண்ணுக்கும் இல்ல" என்று அக்கா சிரித்தார்.

இங்கே பரிமாறுபவர்கள் ஆண்கள். மத்தியானத்தில் நெருக்கடியும் அதிகம். தனியே போகத் தயங்கும் பெண்கள் பன்னிரண்டு மணிக்கு முன்னர் போனால் இடமும் கிடைக்கும், அமைதியும் இருக்கும். நாங்கள் போன நேரத்தில் குடும்பமாக வந்தவர்களும், வைத்தியசாலைக்கு வந்து திரும்பும் பெண்களும் அமர்ந்திருந்தார்கள். ஒரு பெண் தனியாகத் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. நான் மட்டும்தான் பார்த்தேன், மகிழ்ச்சியோடு.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் வருடாந்த உற்சவம் ஆடி, ஆவணி மாதங்களில் 25 நாட்கள் நடைபெறும். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் மச்சம் சமைப்பதில்லை. அப்போது கூட்டத்துக்கு வருபவர்கள் மீன், இறைச்சி எதிர்பார்க்காமல் மரக்கறியிலேயே திருப்திப்படுவது மரியாதையாகவும் இருக்கும், இலகுவாகவும் இருக்கும்.

ஐந்து சந்தியில் ஒரு இரவு

காத்தான்குடிச் சகோதரி முதல் நாள் மத்தியானம் சோறும் பருப்பும் மட்டுமே சாப்பிட்டார். கோழிக்கறி ஹலாலா என்று கேட்டதற்கு எவருக்கும் பதில் தெரியவில்லை. இரண்டாம் நாள் இரவு அவர்தான் எங்களை அழைத்துப் போனார், சோனகத் தெருப் பக்கமாக, ஐந்து சந்திக்கு.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் வாழ்ந்த பகுதி இது. 2009 க்குப் பின்னர் ஒரு பகுதியினர் திரும்பி வந்து வீடுகளையும் கடைகளையும் மீண்டும் கட்டியெழுப்பினார்கள். இன்று மாலையானதும் இங்கே கொத்து ரொட்டி தட்டும் சத்தம் கேட்கிறது. ஹலால் உணவு தேடுபவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் வழிகாட்டக்கூடிய இடம் இதுதான்.

இரவில் கடைகளில் ஆண்கள்தான் அதிகம் என்பது உண்மை. நாங்கள் மூவர் சேர்ந்து போனதால் தயக்கம் இருக்கவில்லை. ரொட்டியும் கோழிக் குழம்பும் வாங்கி அறைக்குக் கொண்டுவந்து, மூவரும் ஒரே மேசையில் வைத்துச் சாப்பிட்டோம். பல வருடங்களுக்கு முன் என்ன நடந்தது என்று அந்தச் சகோதரி தன் தாயார் சொன்ன கதைகளைச் சொன்னார். அக்கா தன் கதைகளைச் சொன்னார். மாநாட்டு மண்டபத்தில் நல்லிணக்கம் பற்றிக் கேட்ட உரைகளை விட அந்த ஒரு மணித்தியாலம் எனக்கு அதிகம் கற்றுத் தந்தது.

கூழும் நண்டும் தேடுபவர்களுக்கு

யாழ்ப்பாணம் வந்தால் ஒடியற் கூழ் குடிக்க வேண்டும் என்று பலர் ஆசைப்படுவார்கள். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவைக் கரைத்து, அதில் நண்டு, இறால், மீன், பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, கீரை எல்லாம் போட்டு, புளியும் செத்தல் மிளகாயும் சேர்த்துக் காய்ச்சுவது. பெரிய பானையில் காய்ச்சி, வளவில் கூடியிருந்து, பனையோலைப் பிளாவில் குடிப்பதே முறை. பத்துப் பேருக்குக் காய்ச்சலாம், ஒருவருக்குக் காய்ச்ச முடியாது. அதனால் இது எல்லாக் கடைகளிலும் எந்த நாளும் கிடைக்கும் சாப்பாடு அல்ல.

இதற்கு நல்ல வழி, தங்குமிடத்தில் முதல் நாளே சொல்லிவைப்பது. சிறிய விருந்தினர் விடுதிகள் பலவற்றில் அயலில் உள்ள பெண்கள்தான் சமைக்கிறார்கள். ஏழெட்டுப் பேர் சேர்ந்து கேட்டால் கூழும் காய்ச்சித் தருவார்கள், முருங்கையிலை போட்டு நண்டுக் கறியும் வைப்பார்கள். விலையை முன்கூட்டியே பேசி, பணத்தில் ஒரு பகுதியை முதலே கொடுங்கள். சாமான் வாங்க அந்தப் பெண் கடன்படக் கூடாது.

ஐஸ்கிறீம் கடையும் பெண்களும்

யாழ்ப்பாணத்துப் பெண்கள் எந்தக் கூச்சமும் இல்லாமல் அமர்ந்து சாப்பிடும் இடம் ஒன்று நெடுங்காலமாக இருக்கிறது. அது ஐஸ்கிறீம் கடை. நல்லூர்க் கோயிலுக்கு அண்மையில் உள்ள 'றியோ' போன்ற கடைகளில் மாலை வேளையில் தாய்மாரும் பிள்ளைகளும், பாடசாலை மாணவிகளும், பல்கலைக்கழகப் பெண்களும் நிறைந்திருப்பார்கள். கோயிலுக்குப் போய்விட்டு ஐஸ்கிறீம் குடிப்பது வீட்டாரும் ஏற்றுக்கொண்ட பழக்கம். வெளியே போகக் காரணம் தேவைப்படும் சமூகத்தில் பெண்கள் தமக்கென்று கண்டுபிடித்த வழி இது என்றே நான் நினைக்கிறேன். இங்கே ரோல்ஸ், பற்றீஸ் போன்ற சிற்றுண்டிகளும் கிடைக்கும். தனியே வந்த பெண்ணுக்கு, முதல் தடவை ஒரு கடைக்குள் போய் அமர்ந்து பழகுவதற்கு இதை விட இலகுவான இடம் இல்லை.

உடல்நலத்துக்குச் சில குறிப்புகள்

நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், மருந்தை எடுத்துவிட்டுச் சாப்பாட்டைத் தவறவிடக் கூடாது. வியர்வை, நடுக்கம், தலைச்சுற்று ஏற்பட்டால் உடனே சீனி அல்லது குளுக்கோசு எடுக்க வேண்டும். அதனைக் கைப்பையில் எப்போதும் வைத்திருங்கள். அறையில் தங்குபவரிடம் உங்கள் நோயைப் பற்றிச் சொல்லிவையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

யாழ்ப்பாணத்தில் வெயில் கடுமை. மலசலகூடத்துக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் பலர். அது சிறுநீர்த் தொற்றுக்கு வழிவகுக்கும். குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவது, பல இடங்களில் வன்மை கூடியது. கொதித்தாறிய நீரையோ போத்தல் நீரையோ குடியுங்கள். தேநீர் இடைவேளையில் ரோல்ஸும் கேக்கும் மட்டும் இருந்தால், சுண்டல், கச்சான், வாழைப்பழம் போன்றவற்றை ஏற்பாட்டாளர்களிடம் கேளுங்கள். கேட்டால் மறுநாள் வரும்.

வீடு திரும்பும்போது பிள்ளைகளுக்கு ஏதாவது கொண்டுபோக வேண்டுமென்றால் பனை உற்பத்திகளை வாங்குங்கள். பனங்கட்டி, பினாட்டு, புழுக்கொடியல் எல்லாம் பனை அபிவிருத்திச் சபையின் 'கற்பகம்' விற்பனை நிலையங்களிலும் சந்தைகளிலும் கிடைக்கும். கிழங்கு அவிப்பதும், பழம் பிசைந்து பாயில் காயவைப்பதும் பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள்தான்.

ஏற்பாட்டாளர்களுக்கு

இவற்றை எல்லாம் பங்குபற்றுநரின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. கூட்டம் நடத்துபவர்கள் செய்யக்கூடிய சிறு காரியங்கள் சில உண்டு.

1. பதிவுப் படிவத்தில் சைவமா, மச்சமா, ஹலாலா, நீரிழிவு உண்டா, கைக்குழந்தையுடன் வருகிறாரா என்று கேளுங்கள்.

2. இரவு உணவு தர முடியாவிட்டால், பெண்கள் நம்பிப் போகக்கூடிய நாலைந்து உணவகங்களின் பெயரையும் வழியையும் ஒரு தாளில் எழுதிக் கோப்புக்குள் வையுங்கள்.

3. நாட்படியைக் கடைசி நாள் மாலையில் தராமல் முதல் நாள் காலையிலேயே கொடுங்கள். கையில் இல்லாத பணத்தில் எவரும் சாப்பிட முடியாது.

4. தேநீர்ச் சிற்றுண்டியையும் மத்தியான உணவையும் அந்த ஊரின் பெண்கள் குழுக்களிடம் வாங்குங்கள். பணத்தை இழுத்தடிக்காமல் கொடுங்கள். பொலித்தீன் லஞ்சீற் 2017 இலேயே தடைசெய்யப்பட்டது. வாழையிலை இருக்கும்போது வேறு என்ன வேண்டும்?

5. மாலைக் கூட்டத்தை வெளிச்சம் இருக்கும்போதே முடியுங்கள். இருட்டிய பிறகு தெரியாத ஊரில் கடை தேடும்படி பெண்களை விடாதீர்கள்.

6. ஊர்க்காரப் பெண் ஒருவரைத் தொண்டராக நியமித்து, விரும்பியவர்களைச் சேர்த்து அழைத்துப் போகச் சொல்லுங்கள். நாலு பேராகப் போனால் ஓட்டோச் செலவும் குறையும், கூச்சமும் குறையும்.

வாசகியரிடம் ஒரு வேண்டுகோள்

சாப்பாட்டுக் காசை மிச்சம் பிடிக்கும் தாயைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவளது கணக்கு அவளுக்குத்தான் தெரியும். ஆனால் கூட்டத்துக்கு அழைக்கப்பட்ட பெண் அங்கே வேலை செய்யப் போகிறாள். பசித்த வயிற்றோடு பேச்சைக் கவனிக்கவும் முடியாது, தன் கிராமத்தின் பிரச்சினையை எடுத்துச் சொல்லவும் முடியாது. அவளுக்குத் தரப்படும் படி அவளது உடலுக்காகத் தரப்படுவது. அதில் அவள் சாப்பிடுவது சுயநலம் அல்ல.

அந்தப் பணம் இன்னொரு பெண்ணின் அடுப்படிக்குப் போகுமானால் இரண்டு குடும்பங்கள் பயன்பெறும். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து மாவு குழைத்தவளுக்கும் அன்றைய வியாபாரம் நடக்கும், தூரத்திலிருந்து வந்தவளுக்கும் வயிறு நிறையும்.

உங்கள் ஊரிலும் கூட்டங்கள் நடக்கும், வெளியூர்ப் பெண்கள் வருவார்கள். வவுனியாவில், மன்னாரில், திருகோணமலையில், ஹற்றனில், பதுளையில் பெண்கள் நடத்தும் நல்ல உணவகங்கள் எவை? மாலையில் தனியே ஒரு பெண் போய் அமரக்கூடிய இடம் எது? உங்கள் மாதர் சங்கத்தில் பேசி ஒரு பட்டியல் தயாரியுங்கள். அடுத்த தடவை வெளியூரிலிருந்து வரும் சகோதரியின் கையில் அதனைக் கொடுங்கள். முடிந்தால் கூடவே போய், ஒரு தேநீராவது சேர்ந்து குடியுங்கள்.